வந்துபோகிறவர்களின் மணிலா

மணிலாப் பெருநகரின் குபாவோவில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. எட்சா நெடுஞ்சாலையோடு ஓடும் ரயிலிலிருந்து இறங்கி, அங்காடிகளின் உள்வழிகளிலேயே நடந்தால் அரனெட்டா கொலோசியத்தின் வட்டக் கூரைக்கு அடியில் போய்ச் சேரலாம். 1960இல் திறக்கப்பட்ட அரங்கம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு இது 1975 அக்டோபரில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய இடம். ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அதே ஆண்டு ஏப்ரல் 9தான் பெரிய நாள். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான பி.பி.ஏ.வின் முதல் ஆட்டம் அன்று இங்கே நடந்தது. அப்போதிலிருந்து அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளில் ஆடிப் பழகிய இளைஞர்கள் ஆண்டுதோறும் இந்த அரங்குக்கு வேலைக்கு வருகிறார்கள். சிலர் இரண்டு வாரம் இருப்பார்கள், சிலர் இரண்டு மாதம். பிறகு லெபனானுக்கோ ஃபின்லாந்துக்கோ ஜப்பானுக்கோ போய்விடுவார்கள். என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத தோற்றவர்கள், அதனால்தான் ஊர் ஊராக அலைகிறார்கள் என்பது இவர்களைப் பற்றிய பொதுவான எண்ணம். மணிலாவின் அரங்குகளையும் அவற்றின் ஐம்பது ஆண்டுக் கணக்கையும் பார்த்தால் அந்த எண்ணம் நிற்கவில்லை. இவர்களை அலைய வைப்பது ஒப்பந்தமும் போட்டி விதியும்தான். தங்குவதற்கு ஒரு வழி கிடைத்த இடத்திலெல்லாம் இவர்கள் தங்கியிருக்கிறார்கள்.

இங்கே கூடைப்பந்து எந்த அளவுக்கு வேரோடியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1898 தொடங்கி 1946 வரை அமெரிக்க ஆட்சி. பள்ளிக்கூடங்கள் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவும் ஆட்டம் உள்ளே வந்தது. 1954 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தது. இன்று மணிலாவின் எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் மின்கம்பத்திலோ சுவரிலோ அறைந்த ஒரு பலகையும் துருவேறிய வளையமும் தென்படும். ரப்பர் செருப்போடு ஆடிக்கொண்டிருப்பார்கள். ஜீப்னி வந்தால் ஆட்டம் நின்று வழிவிடும், வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தகிக் பகுதியில் ஏழை மக்களின் பல மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுவே இருக்கிற ஆட்டத்தரை உலகப் புகழ் பெற்றது. 2020 ஜனவரியில் கோபி பிரையன்ட் விபத்தில் இறந்தபோது தரை முழுக்க அவர் உருவத்தைத் தீட்டினார்கள். மாடித் தாழ்வாரங்களில் துணி காய்ந்துகொண்டிருக்க, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மக்கள் கீழே பார்ப்பார்கள். தரையில் நிற்பவனுக்கு நாற்புறமும் பார்வையாளர்கள். ஆட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த மக்கள் முன்னால்தான் வெளிநாட்டுக்காரர் வந்து நிற்கிறார். அவர் வேலையைச் சரியாகச் செய்கிறாரா இல்லையா என்று தெருப்பையனும் சொல்லிவிடுவான்.

பி.பி.ஏ. அணிகளுக்கு ஊர் கிடையாது. சென்னைக்கு ஓர் அணி, மும்பைக்கு ஓர் அணி என்று பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகப் படும். மின்சாரம் வழங்கும் மெரால்கோவுக்கு ஓர் அணி, தொலைபேசி நிறுவனத்துக்கு ஓர் அணி, பெயின்ட் நிறுவனத்துக்கு ஓர் அணி. சான் மிகுவேல் குழுமத்தின் கையில் மட்டும் மூன்று. அவற்றில் ஒன்று அதன் ஜின் மதுவின் பெயரைத் தாங்கிய பராங்காய் ஜினெப்ரா, நாட்டிலேயே அதிக ரசிகர்களைக் கொண்ட அணி. சொந்த மைதானமும் யாருக்கும் கிடையாது. ஒரே மாலையில் ஒரே அரங்கில் இரண்டு ஆட்டம் நடக்கும், நான்கு அணியின் ரசிகர்களும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஐரோப்பாவுக்கு ஆடப் போகிறவர் ஒரு நகரத்துக்குப் போகிறார். அங்கே அவருக்கு ஒரு கடைத்தெருவும் ஒரு தேவாலய மணியும் பழகிப்போகும். மணிலாவுக்கு வருகிறவர் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்கு வருகிறார். ஒட்டிக்கொள்ள ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லாத ஏற்பாடு இது. அப்படியிருந்தும் பலர் ஒட்டிக்கொண்டார்கள் என்பதே என் வாதத்துக்கு முதல் சான்று.

ஏற்பாட்டின் இயக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆண்டில் வழக்கமாக மூன்று தொடர்கள். பெருமதிப்புள்ள ஃபிலிப்பைன் கோப்பையில் வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை. கமிஷனர் கோப்பையிலும் கவர்னர் கோப்பையிலும் அணிக்கு ஒருவர் வரலாம்; அவரை எல்லாரும் ‘இம்போர்ட்’, அதாவது இறக்குமதி, என்கிறார்கள். அவருக்கு உயர வரம்பு உண்டு, அது தொடருக்குத் தொடர் மாறும். 2016 கவர்னர் கோப்பையில் வரம்பு 6 அடி 5 அங்குலம். தொடருக்கு முன்பு அமைப்பின் அலுவலர்கள் ஒவ்வொருவரையும் நிற்க வைத்து அளக்கிறார்கள். அங்குலத்தின் பின்னம்வரை கணக்கு, அளவு மறுநாள் செய்தித்தாளில் வரும். மீறினால் ஊர் திரும்ப வேண்டியதுதான். உள்ளூர் ஆட்டக்காரர்கள் உயரத்தில் சற்றுக் குறைந்தவர்கள், ஏழடி ஆள் ஒருவர் வந்தால் ஆட்டமே அவரைச் சுற்றிச் சுருங்கிவிடும் என்பது இதற்கான காரணம், நியாயமானதும்கூட. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் முன்வரிசை ஆட்டத்துக்குக் குட்டை என்று ஒதுக்கப்பட்ட, தோள்வலு மிக்க, எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்த ஒரு வகை ஆட்டக்காரருக்கு இந்த விதி ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டது. என்.பி.ஏ.வில் 30 அணி, அணிக்கு வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர், ஆகமொத்தம் 450 இடம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் நிலையில் மட்டும் 350க்கு மேற்பட்ட கல்லூரிகள் அணி வைத்திருக்கின்றன. படிப்பு முடித்து வெளியே வருகிறவர்களில் என்.பி.ஏ. ஆண்டுக்கு அறுபது பேர் அளவில்தான் தேர்வு செய்கிறது. மிச்சமிருப்பவர்களில் கெட்டிக்காரர்களுக்கு உலகமே சந்தை. அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நகரத்தின் உயர் நீதிமன்ற நீதிபதியாகாத வழக்கறிஞர்கள் எல்லாரும் தோற்றவர்களா என்ன?

2016 கவர்னர் கோப்பையில் ஜினெப்ராவுக்கு முதலில் வந்தவர் பால் ஹாரிஸ். தொடக்கத்திலேயே அவர் கட்டைவிரலில் அடிபட்டது. அவசரமாக மாற்று ஆள் தேடினார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்ற சிற்றூரில் பிறந்து, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2011இல் எந்த என்.பி.ஏ. அணியாலும் தேர்வு செய்யப்படாத ஜஸ்டின் பிரவுன்லி வந்து சேர்ந்தார். இறுதிச் சுற்றில் எதிரணி மெரால்கோ. அக்டோபர் 19ஆம் தேதி ஆறாவது ஆட்டம். கடைசி நொடியில் பிரவுன்லி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்த பந்து உள்ளே இறங்கியது. 91க்கு 88. எட்டு ஆண்டாகக் கோப்பை காணாத அணிக்குக் கோப்பை. வேறொருவர் விரலில் அடிபட்டதால் வந்த இடம் அது என்பதை மறக்கக் கூடாது. ஹாரிஸ் நல்லபடி ஆடியிருந்தால் பிரவுன்லி வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ பனியனில் இருந்திருப்பார். இந்தத் தொழிலில் ஒருவருக்கு வருகிற வாய்ப்பு அநேகமாக இன்னொருவரின் வீட்டுக்குப் போகும் விமானச் சீட்டு. எதிரே மெரால்கோவுக்கு ஆடியவர் ஆலன் டர்ஹாம். மிச்சிகனில் கிரேஸ் பைபிள் கல்லூரி என்ற மிகச் சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். 2016, 2017, 2019 ஆகிய மூன்று கவர்னர் கோப்பையிலும் சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். மூன்றிலும் இறுதிச் சுற்றில் பிரவுன்லியின் அணியிடம் தோற்றார். பிறகு ஜப்பானுக்குப் போய், ஒகினாவாவின் ரியூக்யூ கோல்டன் கிங்ஸ் அணியோடு 2023இல் அந்நாட்டுப் பட்டத்தை வென்றார். மூன்று முறை விருது வாங்கியும் மணிலாவில் அவருக்கு நிரந்தரமாக ஓர் இடம் இல்லை. திறமைக் குறைவால்தான் அலைகிறார்கள் என்று சொல்கிறவர்கள் டர்ஹாமுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

தங்கியவர்கள் கதைக்கு வருவோம். அந்த மூன்று இறுதிச் சுற்றிலும் மெரால்கோவின் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவர் நார்மன் பிளாக். பால்டிமோர்காரர். டெட்ராய்ட் அணிக்காக என்.பி.ஏ.வில் மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு 1981இல் மணிலாவுக்கு வந்தார். ஆட்டக்காரராகவே பயிற்சிப் பொறுப்பையும் ஏற்று, 1989இல் சான் மிகுவேலுக்கு ஓராண்டின் மூன்று பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் அட்டனியோ பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து ஐந்து பட்டம். அவர் மகன் ஆரன் இன்று பி.பி.ஏ.வில் உள்ளூர் ஆட்டக்காரர். பாபி பார்க்ஸ் மெம்ஃபிஸிலிருந்து வந்தவர். ஏழு முறை சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர், இன்று அந்த விருதே அவர் பெயரில் வழங்கப்படுகிறது. அவர் மகன் ரே பார்க்ஸ் ஃபிலிப்பைன்ஸ் தேசிய அணிக்கு ஆடினார். ஷான் சேம்பர்ஸ் ஆறடிக்கு ஓரிரு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். அலாஸ்கா என்ற பால் பொருள் நிறுவனத்தின் அணிக்கு 1989 முதல் திரும்பத் திரும்ப வந்து ஆறு பட்டம் வென்றார். அமெரிக்கா திரும்பிப் பள்ளி நிர்வாகத்தில் பல ஆண்டு வேலை செய்துவிட்டு, 2023இன் கடைசியில் மறுபடி மணிலாவுக்கே ஒரு பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக வந்தார். இவர்கள் யாரும் வரும்போது தங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்ல. ஒப்பந்தம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் இருந்தது. அடுத்த ஆண்டும் அதே அணி கூப்பிட்டது என்ற ஒரே வசதி கிடைத்ததும் உறவும் பழக்கமும் பிடித்துக்கொண்டன. சேப்பாக்கத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்த டுவைன் பிராவோவைச் சென்னை தன் பிள்ளையாகவே பார்த்தது அல்லவா, அந்த மாதிரி. ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பிராவோவுக்குத் திரும்பிப் போக டிரினிடாடும் மேற்கிந்தியத் தீவுகளின் அணியும் இருந்தன. இவர்களுக்கு வீட்டில் அணி கிடையாது, வெளியில்தான் வேலை.

அலைச்சல் இவர்கள் சுபாவம் அல்ல, விதிகளின் விளைவு என்பதை மணிலாவுக்கு வெளியேயும் பார்க்கலாம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும் ஆட்டக்காரருக்கு உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது எப்போது வரவேண்டும் என்பதற்கும் கெடு உண்டு. ஃபின்லாந்தின் யூரி லெஹ்டோனன் 1996இல் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பெல்ஜியத்தின் பிரேன் ஊர் அணியில் சேர்ந்தார். அவரை ஆடவிட்டதற்காக அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. காரணம், ஐரோப்பியப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்குக் கெடு பிப்ரவரி 28. அமெரிக்கா போன்ற பிற பகுதிகளிலிருந்து வருகிறவர்களுக்கு மார்ச் 31. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 2000 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கெடு வைப்பது தவறில்லை, தகுந்த காரணம் காட்டாமல் ஊருக்கு ஒரு கெடு வைப்பதே தவறு என்றது நீதிமன்றம். 1995இல் கால்பந்தில் வந்த போஸ்மன் தீர்ப்போடு சேர்த்துப் பார்த்தால், ஐரோப்பியக் குடிமக்களுக்கு வாசல் திறந்தது, அமெரிக்கர்களுக்கு எண்ணிக்கை வரம்பு அப்படியே இருந்தது. உடனே சந்தை வேறு வழி கண்டுபிடித்தது: பாஸ்போர்ட். போ மெக்கேலப் நியூ ஆர்லியன்ஸ்காரர், 2008இல் என்.பி.ஏ. தேர்வில் பெயர் வராதவர். துருக்கியின் மெர்சின், பிறகு பெல்கிரேடு, பிறகு இத்தாலியின் சியெனா, பிறகு இஸ்தான்புல், பிறகு மியூனிக் என்று ஆடியவர். அவர் வாழ்ந்த நாடு எதுவும் மாசிடோனியா அல்ல. ஆனாலும் மாசிடோனியக் குடியுரிமை கிடைத்தது. 2011 ஐரோப்பியக் கோப்பையில், கூடைப்பந்தை மதமாகவே கொண்டாடும் லிதுவேனியாவை அதன் கௌனஸ் நகரிலேயே 67க்கு 65 என்று அந்தச் சிறிய நாடு வீழ்த்தி நான்காம் இடம் பிடித்தது. அணியின் இதயம் அவர்தான். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நெஞ்சாரத்தான் ஆடினார். தேவைப்படும்போது வாழாத நாட்டின் குடிமகனாக ஒருவரை எழுதிக்கொள்ளும் இதே விளையாட்டு உலகம், வாழ்ந்து காட்டியவரை என்ன செய்கிறது என்று மணிலாவில் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அது பணத்தைப் பற்றியது. நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், வீடு கொடுக்கிறார்கள், விமானச் சீட்டு கொடுக்கிறார்கள், வரியைக்கூடப் பல இடங்களில் அணியே கட்டுகிறது. பிறகென்ன பரிதாபம் என்று கேட்கலாம். பரிதாபம் நான் கேட்கவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்ப்பது பிழையான கணக்கு. இரண்டு தொடருக்கு நடுவே சம்பளம் இல்லை. முழங்கால் போனால் தொழிலே இல்லை. எழுதிக் கொடுத்த சம்பளம் கைக்கு வரும் என்பதற்கும் உறுதியில்லை; இல்லாவிட்டால் 2007இல் ஃபிபா இதற்கென்றே ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை அமைத்திருக்க வேண்டியதில்லை. ஜெனீவாவைத் தலமாகக் கொண்ட அந்தத் தீர்ப்பாயத்தில் ஒரே நடுவர், எந்த நாட்டுச் சட்டத்தின் நுணுக்கத்துக்குள்ளும் போகாமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்கிறார். அங்கே போகிற வழக்குகளின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆடினேன், பணம் வரவில்லை. தீர்ப்பை மதிக்காத அணி புது ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஃபிபா தடை விதிக்கலாம் என்ற பயம் இருப்பதால் அதற்குப் பல்லும் இருக்கிறது. தொழிலாளர் உரிமைக் கண்ணோட்டத்தில் கூடைப்பந்து உலகம் செய்த நல்ல காரியங்களில் இதை முதன்மையாக வைப்பேன். ஆனாலும் முதுமைக்கு அது ஒன்றும் தராது. என்.பி.ஏ.வில் மூன்று ஆண்டு ஆடியவருக்கு ஓய்வூதியம் உண்டு. பத்து நாட்டில் பத்து ஆண்டு ஆடியவருக்கு அதுபோல ஒன்று சேர்வதற்கு வழியே இல்லை. மணிலாவைக் கலக்கியவர்களில் பில்லி ரே பேட்ஸை விடப் பெரிய பெயர் கிடையாது. 1983இல் கிரிஸ்பா அணிக்கு வந்த அவரைப் பார்க்கத் தெருவே கூடும். ஊர் திரும்பிய பின் கஷ்டமும் சிறையும் பார்த்தார். 2011இல் பி.பி.ஏ.வின் புகழ்மண்டபத்தில் சேர்த்துக்கொள்ள அவரை மணிலாவுக்கு அழைத்தார்கள். புகழை அந்த அமைப்பு அவருக்குத் தயங்காமல் தந்தது. ஆடிய காலத்தில் வாழ்க்கைக்கு ஒரு பிடிமானம் தந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

இன்னொரு மறுப்பு மனப்பான்மையைப் பற்றியது: இரண்டு மாதத்துக்கு வருகிறவனுக்கு அணி மேல் என்ன அக்கறை? இதற்குச் சான்றாக 2013இல் ரெனால்டோ பால்க்மன் ஆட்டத்தின் நடுவில் தன் அணிக்காரரின் கழுத்தையே பிடித்த சம்பவத்தைச் சொல்வார்கள். ஆயுள் தடை விதிக்கப்பட்டது. அந்த நேரத்துக்கு அது சரியான தண்டனை. ஆனால் அதே பால்க்மன் பின்னர் அலாப் பிலிபினாஸ் என்ற அணியோடு தென்கிழக்காசியப் போட்டியில் ஆடி, 2018இல் அதற்குப் பட்டம் வாங்கித் தந்தார். கூட ஆடியவர்களில் பிரவுன்லியும் உண்டு, பாபி பார்க்ஸின் மகன் ரேயும் உண்டு. பி.பி.ஏ. தடையை நீக்கியது, அதே ஆண்டு அவர் பழைய அணியின் குழுமத்துக்கே திரும்பி வந்தார். ஒரு மனிதரை இரண்டு மாதச் சீட்டில் எடைபோட்டால் அவருடைய கெட்ட நாள் மட்டும் கணக்கில் வரும். ஐந்தாண்டு பழகினால்தான் அவர் யார் என்று தெரியும். அக்கறை இல்லை என்று குற்றம் சொல்கிறவர்கள், அக்கறை வளரும் அளவுக்கு அவரை இருக்க விட்டோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு உள்ளூர்ப் பிள்ளைகளைப் பற்றியது, அதை லேசாகத் தள்ள முடியாது. வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் தகிக் தெருவில் செருப்போடு ஆடுகிற பையன் எங்கே போவான்? வரம்பு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வெளிநாட்டவர் இல்லாத ஃபிலிப்பைன் கோப்பை அருமையான ஏற்பாடு. உள்ளூர் மையநிலை ஆட்டக்காரர்கள் பலர் அங்கேதான் தலைநிமிர்ந்து ஆடுகிறார்கள். ஆனால் அண்மையில் நடந்த ஒன்று இந்த வாதத்தின் திசையையே மாற்றியிருக்கிறது. ஜப்பானின் பி.லீக் 2020இல் ஆசிய ஆட்டக்காரர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியதும் தெர்டி ரவேனா முதல் ஆளாகப் போனார். பின்னாலேயே அவர் அண்ணன் கீஃபர், ரே பார்க்ஸ் என்று பலர். 2022இல் தென்கொரியாவும் ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கு வாசலைத் திறந்தது. மணிலாவுக்கு இறக்குமதியாக வந்த பாபி பார்க்ஸின் மகன் ஜப்பானின் நகோயாவில் வெளிநாட்டு ஆட்டக்காரராக ஆடினார். நேற்றுவரை வரம்பால் பாதுகாக்கப்பட்டவர்கள் இன்று வேறொரு நாட்டின் வரம்புக்குள் பிழைக்கிறார்கள். மணிலாவில் வெளிநாட்டவரை எப்படி நடத்துகிறோமோ அப்படித்தான் நகோயாவில் நம் பையனை நடத்துவார்கள் என்ற கணக்கு இப்போது ஒவ்வொரு ஃபிலிப்பைன்ஸ் குடும்பத்துக்கும் சொந்தக் கணக்கு. லட்சக்கணக்கானவர்களைக் கப்பலுக்கும் மருத்துவமனைக்கும் வளைகுடா வீடுகளுக்கும் அனுப்பிய நாட்டுக்கு ஒப்பந்த வேலையின் வலியைப் பிறர் விளக்கத் தேவையில்லை.

மணிலாவிலிருந்து வடக்கே புலக்கான் மாகாணத்தின் பொகாவே ஊருக்குப் போகும் விரைவுச்சாலையின் பெயர் என்.எல்.இ.எக்ஸ். அந்தச் சாலை நிறுவனத்துக்கும் பி.பி.ஏ.வில் ஓர் அணி இருக்கிறது. வயல்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் ஃபிலிப்பைன் அரேனா, 2014இல் இக்லேசியா நி கிறிஸ்தோ என்ற மதச் சபை கட்டியது. 55 ஆயிரம் இருக்கை. 2023 ஜனவரி 15ஆம் தேதி இங்கே கமிஷனர் கோப்பை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைப் பார்க்க 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஜினெப்ரா வென்றது, பிரவுன்லிக்கு அந்த அணியோடு ஆறாவது பட்டம். அதே வாரத்தில்தான் அவருக்கென்றே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில், குடியரசுச் சட்டம் 11937இல், குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டு அவரை ஃபிலிப்பைன்ஸ் குடிமகனாக்கினார். அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. அரையிறுதியில் சீனாவை அதன் மண்ணிலேயே 77க்கு 76 என்று கவிழ்த்தபோது 33 புள்ளி அவருடையது. இறுதியில் ஜோர்டானை 70க்கு 60 என்று வென்று, 1962க்குப் பிறகு 61 ஆண்டு கழித்து நாட்டுக்குத் தங்கம் வந்தது. ஜோர்டானுக்காக எதிரே நின்றவர் ரோண்டே ஹாலிஸ் ஜெஃபர்சன். அவரும் பென்சில்வேனியாக்காரர், மணிலாவின் தொலைபேசி நிறுவன அணியான டி.என்.டி.க்கு இறக்குமதியாக ஆடி அதே ஆண்டு ஏப்ரலில் பிரவுன்லியின் அணியைத் தோற்கடித்தவர். ஆசியாவின் தங்கத்துக்காக இரண்டு அமெரிக்கர்கள் மோதினார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருக்கு அது ஏழாண்டு வாழ்ந்து பெற்ற உரிமை. அந்த ஏழாண்டைப் பார்க்காமல் பிறந்த ஊரை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள்.

என் வாதத்தின் மையத்தில் இருக்கும் உண்மை இதற்குப் பிறகு வருகிறது. நாட்டின் சட்டம் குடிமகன் என்கிறது, தேசிய அணி தன் ஆள் என்கிறது. பி.பி.ஏ. மட்டும் பிரவுன்லியை இன்னும் இறக்குமதி என்றே கணக்கு வைத்திருக்கிறது. ஃபிலிப்பைன் கோப்பையில் அந்த ஃபிலிப்பைன்ஸ் குடிமகன் ஆட முடியாது. 2024இல் அந்தத் தொடர் நடந்த மாதங்களில் அவர் இந்தோனேசியாவின் பெலிடா ஜயா அணிக்கு ஆடப் போனார். சொந்த நாட்டில் வேலை இல்லாத பருவத்தில் அயல்நாட்டுக்குப் போய்ப் பிழைத்துவிட்டு வந்தார் என்றால் அது லட்சக்கணக்கான ஃபிலிப்பைன்ஸ்காரர்களின் வாழ்க்கைதான். அவர்களுக்கும் இவருக்கும் உள்ள ஒரே வேறுபாடு, இவரை அனுப்பியது வறுமையல்ல, ஒரு விதிப்புத்தகத்தின் ஒரு வரி. 2011இல் இதே முறையில் குடியுரிமை பெற்று ஆண்டுக்கணக்கில் தேசிய அணியைத் தாங்கிய மார்கஸ் டூதிட்டும் பி.பி.ஏ.வுக்கு வந்தபோது இறக்குமதியாகத்தான் வந்தார்.

பி.பி.ஏ. தரப்பில் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. பிரவுன்லி தரத்து ஆளை உள்ளூர்க்காரராக எண்ணினால் ஜினெப்ரா இன்னொரு வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே மூன்று அணி கையில் இருக்கிற குழுமத்தை யாராலும் அசைக்க முடியாமல் போகும். பணக்கார அணிகள் நாடாளுமன்றத்தின் வாசலில் வரிசையில் நிற்கும். பயம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து குடிமகனை வெளிநாட்டவர் என்பதல்ல. இறக்குமதி ஆடும் இரண்டு தொடர்களில் அவரை அந்த ஓர் இடத்திலேயே வைத்துக்கொள்ளட்டும், கூடுதலாக ஒருவர் வேண்டாம். ஃபிலிப்பைன் கோப்பையில் மட்டும், குடியுரிமை பெற்று இத்தனை ஆண்டு, இந்த அமைப்பில் ஆடி இத்தனை தொடர் என்று ஒரு தகுதி வரம்பு வைத்து அவரை அனுமதிக்கட்டும். வேண்டுமானால் அவர் எந்த அணிக்கு என்பதை வருடாந்திர ஆட்டக்காரர் தேர்வில் கடைசி இடத்து அணியிலிருந்து தொடங்கித் தீர்மானிக்கட்டும். வேறு எந்தப் புது ஆட்டக்காரரும் அப்படித்தானே வருகிறார். அதோடு வெளியிலிருந்து வருகிற ஒவ்வொருவரின் ஒப்பந்தத்திலும், அளவெடுத்து முதல் ஆட்டம் ஆடிவிட்டால் தொடர் முடியும்வரை சம்பளம் உறுதி, ஆட்டத்தில் அடிபட்டால் சிகிச்சை முடியும்வரை அணியின் பொறுப்பு என்ற இரண்டு வரியை அமைப்பே எழுதி வைக்கலாம். இதில் அணிகளுக்கு ஆகும் செலவு ஒரு தொடரின் விளம்பரச் செலவில் சிறு பகுதியாகத்தான் இருக்கும். 1981இல் மூன்று ஆட்டத்து அனுபவத்தோடு வந்த ஒருவரை நாற்பது ஆண்டுக்கு மேல் தன்னுடையவராக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. அதற்குத் தெரிந்ததை அதன் விதிப்புத்தகமும் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிரவுன்லிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. செய்வதை அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும்.